சேகரித்தவர் பெயர்

வனவர் சிவகணேஷ் பைக்கை வாசலில் நிறுத்தியபோது உலகம்மா வெட்டின பீடி இலையை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை. மேலணைக்குடியில் மழை பிடித்தால் முதலில் மலை காணாமல் போகும், பிறகு மின்சாரம். சுற்றிய பீடி காயாமல் நமத்துக் கிடந்தது. கடையில் பாதியைக் கழித்து எறிவார்கள். அந்த எரிச்சலில் நிமிர்ந்தவள் வந்த ஆளைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே போட்டாள்.

மலைக்குள் முகாமில் வேலை பார்ப்பவனின் பெண்டாட்டியைத் தேடித் துறை ஆள் வந்தால் ஒரே அர்த்தம்தான். யானை, இல்லையென்றால் கரடி.

"தம்பி, அவியளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி. அண்ணன் நல்லா இருக்காரு. நாளைக்கு மொற மாறி எறங்கிருவாரு. இது வேற சோலி." மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். "பாப்பா இருக்காளா?"

கோமு உள்ளேயிருந்து வந்தாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். மாணவி கோமு அனுமதியின்றிக் காப்பகத்தின் உட்பகுதியில் நுழைந்து தாவரம் சேகரித்தது தொடர்பாகவும், அதற்குத் தற்காலிகக் காவலர் சோ. பிச்சைக்கண்ணு உடந்தையாக இருந்தது தொடர்பாகவும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. இருவரும் நேரில் வர வேண்டும்.

"உடந்தைன்னா என்னளா?" என்றாள் உலகம்மா.

"கூட இருந்ததும்மா."

"பெத்த அப்பன் மவகூட இருக்கதுல என்ன குத்தம்?"

சிவகணேஷ் போனை எடுத்து நீட்டினான். ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் கடைசிப் பக்கம். அதில் மூன்று வரிகளுக்கு மேல் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"இத எழுதுனது யாரு பாப்பா?"

"நான்தான்."

"கோட்டிக்காரப் புள்ள. எழுதுததுதான் எழுதுத, பேரு, வேல, முகாமு, தேதின்னு அம்புட்டையுமா எழுதுவ? எங்க இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்டுல கூட இவ்வளவு வெவரம் கெடையாது. பேப்பர்ல உங்க சார் போட்டோ வந்துச்சுல்லா, புதுப் பூவு கண்டுபிடிச்சாருன்னு. அத மேல எவனோ பாத்துட்டு, பெர்மிட் நம்பர் எங்கன்னு கேட்டிருக்கான். நம்பரு இல்ல. அண்ணன் பேருதான் இருக்கு."

"இப்பம் என்ன செய்வாவ?" உலகம்மாவின் குரல் பாதியாகிவிட்டது.

"பெர்மனென்ட் லிஸ்டுல அண்ணன் பேரு மேல வந்திருக்கு மதினி. பதினாறு வருஷம். இந்த நேரத்துல..." சிவகணேஷ் தெருவைப் பார்த்தான். "போன வருஷம் தேன் எடுத்துட்டு எறங்குனவன என்ன செஞ்சாவன்னு ஒங்களுக்குத் தெரியும். சோலியும் போச்சு, கேஸும் நடக்கு. நான் வந்து சொன்னதா யார்ட்டயும் சொல்லிராதீய. கடுதாசி குடுத்தேன், போனேன், அவ்வளவுதான்."

பைக் போன பிறகும் உலகம்மா வாசலிலேயே நின்றாள். மழை பீடித்தட்டில் சாரலடித்தது. ஒரு ஆயிரம் பீடி நனைவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

கோமுவிடம் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. முதல் பட்டதாரி செய்யும் தப்பு எப்படி இருக்கும் என்று அதில் எழுதியிருக்காது. வக்கீல் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்த மூன்று வரியை எழுதியிருக்க மாட்டாள். எதை எழுதக்கூடாது என்பது அவர்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டுகிற பாடம்.

அவள் படிப்பது சின்னப் பல்கலைக்கழகம். பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்கள் கல்யாண மண்டபம் என்று நினைப்பார்கள். சூழலியலும் வகைப்பாட்டியலும் சேர்ந்த எம்.எஸ்ஸி. படிப்பில் ஆறு பேர், இரண்டு நுண்ணோக்கி, அதில் ஒன்றுக்குக் கண்ணாடி உடைந்தது. பேராசிரியர் வைத்தியலிங்கம் முதல் வகுப்பில் சொன்னது சீட்டைப் பற்றித்தான். உலர்த்தி ஒட்டின செடிக்குக் கீழே வலது மூலையில் ஒரு சீட்டு இருக்கும். எந்த இடம், எந்தத் தேதி, சேகரித்தவர் யார், உள்ளூரில் என்ன பெயர். "செடி உதுந்து பொடியாப் போனாலும் சீட்டு பேசணும். நூறு வருஷம் கழிச்சு வாசிக்கிறவனுக்கும் வழி தெரியணும். சீட்டுல பொய் எழுதுறவன் திருடன். தப்பா எழுதியிருந்தாக்கூட கிழிக்கக் கூடாது, பக்கத்துல இன்னொரு சீட்டு ஒட்டணும்." ஆறு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கோமு மனதிலும் எழுதிக்கொண்டாள். அதுதான் வினை.

சேகரித்தவர் என்பதற்கு ஆங்கிலத்தில் கலெக்டர் என்று அச்சடித்திருக்கும். முதல் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது உலகம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "என் மவ பேருக்குப் பக்கத்துல கலெக்டர்னு போட்டிருக்கு, நீயே வந்து பாரு." எதிர்வீட்டு அலிமா பீவி வந்து பார்த்துவிட்டு, "அப்பம் மொதல்ல இந்தத் தெருவுக்கு ரோடு போடச் சொல்லு கலெக்டரம்மாவ" என்று சிரித்தாள்.

போன வருஷம் ஆடிச் சாரலில் வைத்தியலிங்கம்தான் சொன்னார். "உங்கப்பா வாச்சர். உனக்கெதுக்கும்மா பெர்மிட்? எழுதிப்போட்டு வாங்க ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள பூவெல்லாம் போயிரும்." பிச்சைக்கண்ணு தயங்கினான். பிறகு மகள் படிப்பு என்றதும் கூட்டிப்போனான். அருவிக்கு மேலே, வழுக்குப் பாறையில், இரண்டே இலையும் ஒரு காம்பும் வெள்ளைப் பூவுமாக நின்ற செடியைக் காட்டினான். "இத நாங்க சாரப்பூன்னு சொல்லுவோம். சாரல் விழுந்தா வரும், நின்னா போயிரும். காயத் தொடாதளா, வெடிச்சிரும்." அந்தச் செடிக்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. கட்டுரையில் வைத்தியலிங்கம் பெயர் முதலில் வந்தது. அவருக்குத் தெரிந்த இன்னொரு பேராசிரியர் பெயர் இரண்டாவது. கோமு மூன்றாவது. அப்பா பெயரும் வேண்டும் என்று அவள் நின்றாள். "நன்றியில போட்டுக்கோ" என்றார். அவள் உட்கார்ந்து, சீட்டு எழுதும் சுத்தத்தோடு, ஒன்றுவிடாமல் எழுதினாள்.

சனிக்கிழமை காலையில் கோமு பல்கலைக்கழகத் துறைக்குப் போனாள். வைத்தியலிங்கம் அறைக்கதவைச் சாத்தச் சொன்னார். மேஜைமேல் சாரப்பூவை ஒட்டிய தாள் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பஞ்சு.

"எனக்கும் கடிதம் வந்திருக்கும்மா. பயப்படாதே. நான் எல்லாம் யோசிச்சிட்டேன். செடிய நீ காப்பகத்துக்கு வெளிய எடுத்தே. அணை ரோட்டோரப் பாறை. கட்டுரையில இடம் தப்பா பதிஞ்சிட்டு. திருத்தம் அனுப்பிரலாம். முடிஞ்சது."

"சார், ரோட்டோரப் பாறையில இது ஒரு நாள் தாங்காது. வெயில்லயே கருகிரும்."

"விசாரிக்கிறவர் வகைப்பாட்டியலா படிச்சிருக்காரு?"

"அப்பா பேரு?"

"பாசத்துல போட்டேன்னு சொல்லு. செடி பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது, வீட்டுல சும்மா பேசிக்கிட்டிருந்தோம்னு சொல்லு."

"நீங்கதான சார் போகச் சொன்னீங்க?"

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல இருக்கா? இதோ பார், சேகரித்தவர்னு யார் பேரு இருக்கு? நீதானேம்மா கலெக்டர். கலெக்டர்தான் பொறுப்பு. நான் உனக்கு உதவி பண்றேன். உங்கப்பா உள்ள போகக் கூடாதுன்னுதான் இதெல்லாம். எனக்கென்ன, ரிட்டையர் ஆக ஒண்ணரை வருஷம் இருக்கு."

அவர் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. உள்ள போக என்ற சொல்லைக் கேட்டதுமே அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலில் குத்தவைத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். பஞ்சை நனைத்துச் சீட்டின் ஓரத்தில் ஒற்றினாள். பசை இளகிச் சீட்டு தோல் போல உரிந்து வந்தது. புதிதாக எழுதி ஒட்டினாள். கையெழுத்து அவளுடையதுதான். உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில் சாரப்பூ என்று எழுதிவிட்டாள். அதை விட முடியவில்லை.

உரித்த சீட்டைக் கிழிக்கப் போனாள். "வேண்டாம், அது என்கிட்ட இருக்கட்டும்" என்று வைத்தியலிங்கம் கைநீட்டி வாங்கினார். ஒற்றுத்தாளில் வைத்து உலர்த்தி, மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பஸ் ஏறிப் பாதி தூரம் வந்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. தனக்கு ஒன்று வந்தால், சீட்டை மாற்றியவள் இவள்தான் என்று காட்ட அவர் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

பிச்சைக்கண்ணு அன்றைக்கு மத்தியானம் இறங்கினான். பத்து நாள் மலைப்புகை துணியில் இருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் புகையிலையை வைத்துக் கட்டியிருந்தான். உலகம்மா உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையல் அரைத்திருந்தாள். அவனுக்குப் பிடித்தது. கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஆனால் அவன் முதல் உருண்டையை எடுக்கும்போதே அவளால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

கரடியைக் கம்பால் தட்டி விரட்டினவன் அவன். ஒற்றை யானைக்கு முன்னால் அரை மணி நேரம் மரத்தோடு மரமாக நின்றிருக்கிறான். அவன் உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"படிளா."

படித்தாள்.

"இன்னொரு மட்டம் படி." மூன்று தரம் படிக்கச் சொன்னான். பிறகு, "என் பேரு எங்கன இருக்கு? இங்கிலீசுல எழுதியிருக்கேன்னியே, அதக் காட்டு."

போனில் காட்டினாள். தன் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் அவள் விரலைப் பார்த்தான். விரல் காட்டிய இடத்தைப் பைய தொட்டான். பக்கம் சரேலென்று மேலே ஓடிவிட்டது. கையை இழுத்துக்கொண்டான்.

"ஐயோ, போயிட்டு. நான் ஒண்ணும் செய்யலளா, சும்மாத் தொட்டேன்."

"அங்கனதாம்ப்பா இருக்கு. போவாது."

"போவாதா? அழிக்க முடியாதா?"

"முடியாதுப்பா. எல்லா ஊருக்கும் போயிட்டு."

"எல்லா ஊருக்குமா?" அவன் வாசலைப் பார்த்தான். மழையைத் தவிர அங்கே யாரும் இல்லை. "கதவச் சாத்து உலகு."

பகல் ஒரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் இருந்தார்கள். வைத்தியலிங்கம் சொன்ன ஏற்பாட்டைக் கோமு சொன்னாள். பூட்டிய இழுப்பறையைச் சொல்லவில்லை. "நான்தான் கூட்டிட்டுப் போவச் சொன்னேன்னு உள்ளதச் சொல்லிட்டா என்னப்பா? தப்பு என்னோடது. படிக்கப் புள்ளன்னு விட்டாலும் விடுவாங்க."

"வாய மூடுளா. ஒன் மேல கேஸுன்னா, நீ படிச்சது அம்புட்டும் ஆத்தோட போச்சு. எவன் வேல தருவான்?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ்வளவுதானே சொல்லணும்? சொல்லிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. உலகம்மா மடியில் பீடித்தட்டோடு ஆபீசர் ஆனாள். விரல்கள் தூளைப் போட்டுச் சுருட்டி நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

"ஏம்வே பிச்சக்கண்ணு, இது என்ன செடிவே?"

"ஆபீசர் வேன்னு கேக்க மாட்டாரு உலகு. மரியாதயா கேப்பாரு. அதான் பயமா இருக்கு."

"சரிங்க, இது என்ன செடிங்க?"

"சாரப்பூ" என்றான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வெளங்கும்!" உலகம்மா பீடியைத் தட்டில் எறிந்தாள். "எங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டுத்தான் மறுசோலி பாப்பீரு. திருப்பிச் சொல்லும். தெரியாது. சொல்லும்."

"தெரியாது."

"மூஞ்சியப் பாரு. தெரிஞ்சவன் மாதிரியே சொல்லுதீரு."

கோமு சிரித்துவிட்டாள். உலகம்மாவும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உதடு மட்டும் அசைய, தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் வரைக்கும் சொன்னான்.

திங்கட்கிழமை மழை வெறித்து வானம் தெளிந்திருந்தது. பிச்சைக்கண்ணு சீருடை போடவில்லை. போடலாமா கூடாதா என்று தெரியாமல், கல்யாணத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டான். சரக அலுவலகத்தில் பீரோவின் மேல் ஒரு யானையின் தாடை எலும்பு இருந்தது. பெரிய ஐயா என்று எல்லோரும் சொல்கிற அதிகாரி சின்ன வயசுக்காரர். உட்காரச் சொன்னார். கோமு உட்கார்ந்தாள். பிச்சைக்கண்ணு நின்றான். சிவகணேஷ் கதவோரம், அவர்களைத் தெரியாதவன் போல நின்றான்.

பழுப்புக் காகித உறையிலிருந்து அந்தத் தாளை அதிகாரி வெளியே எடுத்தார். வைத்தியலிங்கம் காலையிலேயே ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவர் வரவில்லை. ரத்த அழுத்தமாம்.

"இது நீங்க சேகரிச்சது?"

"ஆமா சார்."

"எங்க?"

"அணை ரோட்டோரப் பாறையில சார்." தன் குரல் எங்கேயோ தள்ளிக் கேட்டது.

"கட்டுரையில வேற இடம் இருக்கு."

"தப்பா பதிஞ்சிட்டு சார். திருத்தம் அனுப்புதோம்."

அதிகாரி குனிந்து சீட்டைப் பார்த்தார். விரலால் அதன் ஓரத்தைத் தடவினார். பசையின் ஈரம் இன்னும் முழுசாகப் போயிருக்காது.

"சாரப்பூ. யார் சொன்ன பேரு?"

"ரோட்டுல புல்லறுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா சார்."

"அவங்க பேரு?"

"கேக்கல சார்."

"இவ்வளவு விவரமா எழுதுற நீங்க அதக் கேக்கலையா?" குரலில் கோபமே இல்லை. தாளைப் பிச்சைக்கண்ணுவின் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்க. இந்தப் பூவப் பாத்திருக்கீங்களா?"

அவன் பார்த்தான். வெள்ளை போய் சருகு நிறத்தில் இருந்தது பூ. எத்தனையோ ஆடியில் பார்த்த பூ.

"தெரியாதுய்யா."

"பதினாறு வருஷமா உள்ள இருக்கீங்க."

"பாதையத்தான் பாப்பேன்யா. தீ வருதா, ஆளு வருதான்னு பாப்பேன். செடிகொடி எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா."

அதிகாரி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளைப் பட்டையோடு ஒரு பெரிய மரம் நின்றது. "அது என்ன மரம்?"

ஆற்றங்கரைப் பிள்ளை எதற்கும் அது மருதம் என்று தெரியும். அந்த ஜில்லாவில் அதன் நிழலில் குளிக்காதவன் கிடையாது. சிவகணேஷ் கதவோரம் இருமினான். கோமு அப்பாவைப் பார்த்தாள். சொல்லுப்பா, இதச் சொல்லலாம், இது குத்தமில்ல என்று கண்ணால் சொன்னாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியாதுய்யா."

அது பொய் என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார்.

"சரி. அப்படியே எழுதிருவோம்." எழுதினார். வாசித்தும் காட்டினார். "மேற்படி காவலர் காட்டிலுள்ள மரம் செடி கொடிகளைப் பற்றி எந்த அறிவும் இல்லாதவர். ஆகவே வழிகாட்டியிருக்க வாய்ப்பில்லை. சரிதானா?"

"சரிதாங்கய்யா."

கையெழுத்துப் போட்டான். எழுத்துக் கூட்டிப் பெயரை முழுசாகப் போட்டான்.

"லிஸ்டுல பேரு இருக்கட்டும்" என்று அதிகாரி சிவகணேஷிடம் சொன்னார். "ஆனா முகாமுக்கு வேண்டாம். ஒண்ணும் தெரியாத ஆள உள்ள அனுப்ப முடியாதுல்ல? கட்டை டிப்போவுல காவலுக்குப் போடுங்க."

பிச்சைக்கண்ணு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். வெளியே வந்து பஸ் ஏறும்வரை கையைப் பிரிக்க மறந்துபோனான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கூட்டம் இல்லை. முன்சீட்டில் மடி நிறையக் கீரையோடு ஒரு பெண் இருந்தாள். கீழத்தெருக்காரி. இவனைப் பார்த்ததும் முகம் விரிந்தது.

"நல்லவேள வந்தியரு அண்ணாச்சி. மாமியாருக்குக் காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. மூக்கிரட்டைய அவிச்சுக் குடுன்னாவ. இது அதுதானா, இல்ல சாரணையா? ரெண்டும் ஒண்ணு மாதிரில்லா இருக்கு. பாத்துச் சொல்லும்."

ஒரு கொடியை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தெரியாதும்மா" என்றான்.

"வெளையாடாதீரும். ஊருக்கே சொல்லுத ஆளு நீரு."

"நெசமாத்தான். செடிகொடி எனக்கு ஒண்ணும் தெரியாது."

அலுவலகத்தில் சொன்ன அதே சொல், அதே குரல், அதே அளவு. இப்போது ஒத்திகை தேவைப்படவில்லை. உலகம்மா கேட்டிருந்தால் குற்றம் சொல்லியிருக்க மாட்டாள். தெரியாதவன் மாதிரியே சொன்னான்.

கோமு எட்டி அந்தக் கொடியை வாங்கினாள். இலையைத் திருப்பினாள். "இது சாரணை. மூக்கிரட்டன்னா இலைக்கு அடியில வெளுத்திருக்கும். இத அவிச்சுக் குடுக்காதீங்க." பஸ் முழுக்கக் கேட்கும்படி, கத்தியே சொன்னாள். "நல்லாக் கேட்டுக்கோங்க. சாரணை."

பிச்சைக்கண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி இறுகியது. தலையைத் திருப்பி, பின்சீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளாகப் பார்த்தான். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை.

பின்வாசலிலிருந்து காக்கிச் சட்டை ஒன்று நடுவழியில் வந்துகொண்டிருந்தது. அவன் மகளின் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"எந்திரிக்காண்டாம், இரும் அண்ணாச்சி" என்றார் கண்டக்டர். "பாப்பாவுக்கு ப்ரீ. ஒமக்கு எங்கன எறங்கணும்?"

பிச்சைக்கண்ணு வாயைத் திறந்தான். ஊர்ப் பெயர் வரவில்லை.